உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

"பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை உழைக்கிற எங்களுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று அங்கத்தினர்கள் கேட்பது உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்குத் தேகப் பயிற்சி வேண்டும். தறியில் இறங்கி நெய்பவருக்கும், மண்வெட்டி பிடித்து வரப்புக் கட்டுபவருக்கும் அது வேண்டுவதில்லை என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் தவறானது என்பதும், இதனால் செம்பட்டி வட்டாரத்து நெசவாளரும் விவசாயிகளும் தம் உடலளவில் நஷ்டமடைந்து வருகிறார்கள் என்பதும் நமது துணிபு. உடலை மெல்ல அசைத்து, மூச்சை ஆழமாக இழுத்து நிதானமாக விடும் பயிற்சி, மற்றெவரையும்விட உழைப்பாளிக்கே முதலில் தேவைப்படுகிறது. அதற்கு வழி செய்து தருவது கூட்டுறவுச் சங்கத்தின் கடமைகளுள் ஒன்று. இதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில், நமது தொழில்கள் உடலை எவ்வாறு நடத்துகின்றன என்று நோக்குவோம். குழித்தறியில் அமர்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை மாறி மாறி மிதிக்கிறார். இடுப்பு ஓரிடத்திலேயே நிலைத்திருக்க, முதுகு முன்னோக்கி வளைகிறது. ஒரு கை நாடாவை ஓடவிடுகிறது. மற்றொரு கை ஊடையை அடித்து இறுக்குகிறது. இழை எங்கேனும் அறுகிறதா என்று கண்கள் பாவை விட்டு விலகாமல் இருக்கின்றன. தோள்கள் இறுகி, மார்பு ஒடுங்கி, மூச்சு மேலோட்டமாகவே போய் வருகிறது. பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றும் பெண்மணியின் நிலையும் அதுவே. ஒரு கை சுழன்றுகொண்டே இருக்க, உடலின் மற்றப் பகுதிகள் அசைவின்றி மரத்துப் போகின்றன.

வயலிலும் தோட்டத்திலும் வேறு விதம். நாற்று நடுபவர் இடுப்பை மடித்தபடியே பின்னோக்கி நகர்கிறார். நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை அனுப்புகிற தோட்டங்களில், மொட்டு விரிவதற்கு முன் பறித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், வெயில் ஏறுமுன்னரே பெண்கள் செடிகளின்மீது குனிந்து நிற்கிறார்கள். மூட்டை சுமப்பவர் மூச்சை அடக்கித் தூக்குகிறார். இவற்றில் எல்லாம் உடல் உழைக்கிறது. ஆனால் உடல் முழுவதும் உழைப்பதில்லை. சில தசைகள் ஓயாமல் தேய்கின்றன. வேறு சில தசைகள் நாள்கணக்கில் சும்மா கிடக்கின்றன. வேகத்தை முடிவு செய்வதும் உழைப்பவர் அல்லர்; கூலியும் சந்தையும் பருவமும் அதனை முடிவு செய்கின்றன.

இது நமது அனுமானம் மட்டுமன்று. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கோபன்ஹேகன் பகுதியைச் சேர்ந்த 1,04,046 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் முடிவு 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓய்வு நேரத்தில் தம் விருப்பப்படி உடலை இயக்கியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நோய்கள் குறைவாக இருந்தன. வேலையின் காரணமாக மிகுந்த உடலுழைப்புச் செய்தவர்களுக்கோ அவை கூடுதலாகக் காணப்பட்டன. ஒரே விதமான அசைவு, போதிய ஓய்வின்மை, நாள் முழுவதும் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்றல் ஆகியவை இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. டென்மார்க் வேறு, செம்பட்டி வேறு; அந்நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. எனினும், உழைப்பையும் உடற்பயிற்சியையும் ஒன்றாக எண்ணலாகாது என்ற படிப்பினை நமக்கும் உரியதே.

அப்படியாயின், ஏற்கெனவே களைத்த உடலுக்கு எவ்விதப் பயிற்சி பொருந்தும்? ஓட்டமும் தண்டாலும் பஸ்கியும் இளைஞர்களுக்கு ஏற்றவை. ஐம்பது வயதைக் கடந்து முழங்கால் வலியோடு இருப்பவருக்கு அவை பாரமாகும். இவ்விடத்தில் சீன தேசத்து விவசாயிகளிடமிருந்து நாம் கற்கக்கூடியது ஒன்று உண்டு. அந்நாட்டின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் குடும்பத்தாரின் கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டு அளவில் தோன்றியதாகக் கூறப்படும் 'டாய் சி' என்னும் பயிற்சியே அது. தொடக்கத்தில் தற்காப்புக் கலையாக இருந்தது. யாங் குடும்பத்தார் அதனைக் கற்றுப் பரப்பினர். அவர்களுள் 1936-ஆம் ஆண்டில் மறைந்த யாங் செங்ஃபு என்பவர், எவரும் செய்யத்தக்க நிதானமான முறையாக அதனைப் பலருக்கும் கற்பித்தார். 1956-ஆம் ஆண்டில் சீன அரசின் விளையாட்டுத் துறை, பொதுமக்களுக்கென 24 அசைவுகள் கொண்ட எளிய முறை ஒன்றை வகுத்தது. இன்று சீன நகரங்களின் பூங்காக்களில் காலை வேளையில் முதியவர்கள் கூட்டமாக நின்று இதனைச் செய்வது வழக்கமான காட்சி. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது.

இப்பயிற்சியில் வேகம் இல்லை. எடை தூக்குதல் இல்லை. கருவி எதுவும் இல்லை. முழங்காலைச் சற்றே தளர்த்தி நின்று, உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்ற வேண்டும். கைகள் நீரில் அசைவதுபோல் எழுந்து தாழும். மூச்சு ஆழமாக, அவசரமின்றி ஓடும். பார்ப்பவர்க்கு விளையாட்டாகத் தோன்றும். செய்பவர்க்கோ தொடையும் கணுக்காலும் உழைப்பது சில நிமிடங்களிலேயே தெரியும்.

இதனால் விளையும் நன்மைகளை வைத்தியர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைக் கடந்த 670 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆராய்ச்சி 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாரம் இருமுறை, ஆறு மாதம் டாய் சி முறையில் பயின்றவர்கள் கீழே விழுந்த தடவைகள், தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவு. முதுமையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வது ஒரு குடும்பத்தையே எவ்வாறு முடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. முழங்கால் மூட்டுத் தேய்வு உடைய 204 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரம் டாய் சி பயின்றவர்கள், உடலியக்க சிகிச்சை நிபுணரிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாக வலி குறையப் பெற்றனர். சீனாவில், இரத்த அழுத்தம் உயரத் தொடங்கிய நிலையில் இருந்த 342 பேரிடம் ஓராண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2024-இல் வந்தது. வேக நடை முதலிய பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரி 4.61 அளவு குறைய, டாய் சி செய்தவர்களுக்கு 7.01 அளவு குறைந்தது.

இந்நன்மையில் மூச்சுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். சும்மா இருக்கையில் நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். வேலைப் பளுவிலும் கவலையிலும் அது மேலும் விரைவாகி, நெஞ்சின் மேற்பகுதியோடு நின்றுவிடுகிறது. ஆழமாக மூச்சிழுக்கையில் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் கீழிறங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதி வரை காற்று செல்கிறது. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இருதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பின் செயல் ஓங்குகிறது. இத்தாலிய வைத்தியர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் சுவையானது. கத்தோலிக்கரின் செபமாலையைச் சொல்லும்போதும், பௌத்தரின் மந்திரத்தைச் சொல்லும்போதும், சொன்னவர்களின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்கிற்று. அந்த அளவில் இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் உடலின் இயல்பான ஏற்பாடு கூர்மையாக வேலை செய்வதையும் அவர்கள் கண்டனர். ஆகவே இது ஒரு மதத்தாருக்கு மட்டும் உரிய பொருள் அன்று. கோயிலுக்குச் செல்வோரும், மாதா கோயிலுக்குச் செல்வோரும், பள்ளிவாசலுக்குச் செல்வோரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினராக இருக்கும் நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதாகும்.

"சீனத்துப் பயிற்சி நமக்கு எதற்கு?" என்று கேட்பாரும் உளர். நமக்கு அருகே உள்ள பழநியோடு தொடர்புடைய போகர் சீன தேசம் சென்று வந்தவர் என்று மரபு கூறுகிறது. மரபு மரபாக இருக்கட்டும். யார் யாருக்குக் கற்பித்தார் என்ற பெருமைப் பேச்சினால் யாருடைய முதுகு வலியும் தீரப் போவதில்லை. உடலின் அசைவையும் மூச்சையும் ஒன்று சேர்க்கும் வித்தை நம் நாட்டிலும் தழைத்தது என்பது மட்டும் உறுதி. திருமூலரின் திருமந்திரம் மூச்சுப் பயிற்சியைப் பற்றி விரித்துப் பேசுகிறது. மைசூரில் யோகம் கற்பித்துப் பின்னர் சென்னையில் வாழ்ந்து 1989-ஆம் ஆண்டில் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்து, அவரவர் வயதுக்கும் நோய்க்கும் தக்கபடி பயிற்சியை அமைத்துத் தந்தார்.

நெசவாளர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் மற்றொன்று உண்டு. 1911-ஆம் ஆண்டில் கூடுவாஞ்சேரியில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் தறியில் உழைத்தவர் வேதாத்திரி மகரிஷி. 1958-ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 2006-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர், 2010-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. அவர் வகுத்த எளிய முறை உடற்பயிற்சியில் கைகளுக்கும் கால்களுக்கும் கண்களுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. மூச்சுப் பயிற்சியும், உடலைத் தேய்த்து விடுதலும், முடிவில் உடலைத் தளர்த்திப் படுத்தலும் உண்டு. கால் மரத்து, கண் களைத்து, தோள் இறுகிப் போகிற தொழிலில் பிறந்த ஒருவர் கண்ணுக்கும் காலுக்கும் தனியே பயிற்சி வகுத்தது நமக்கு வியப்பளிக்கவில்லை. அவருடைய தத்துவத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். அவர் வகுத்த பயிற்சி உழைப்பாளிக்கு நன்கு பொருந்துகிறது என்பதே நாம் சொல்ல வந்தது. டாய் சி கற்பிக்கும் ஆசிரியர் நம் வட்டாரத்தில் கிடைப்பது அரிது. எளிய முறை உடற்பயிற்சியும் யோகமும் கற்றவர்களைக் காண்பது அவ்வளவு கடினம் அன்று. கிடைப்பதைக் கொண்டு தொடங்குவதே விவேகம்.

இன்றே வீட்டில் தொடங்க விரும்புவோர்க்கு ஒரு சிறு முறையைச் சொல்லுகிறோம். பாதங்களைத் தோளளவு அகலத்தில் வைத்து, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி நிற்க வேண்டும். மனத்துக்குள் ஐந்து எண்ணும் நேரம் மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் தோள் உயரத்துக்கு எழுப்ப வேண்டும். மறுபடி ஐந்து எண்ணும் நேரம் மூச்சை விட்டுக்கொண்டே கைகளைத் தாழ்த்த வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்று கொண்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். பழக்கமில்லாதவர்கள் மூன்று மூன்றாக எண்ணித் தொடங்கலாம். பிறகு, கைகளை இடுப்பில் வைத்து, உடற்பாரத்தை வலக் காலுக்கும் இடக் காலுக்கும் மெல்ல மாற்றுதல். கழுத்தையும் தோளையும் நிதானமாகச் சுழற்றுதல். அடி மேல் அடி வைத்து மிக மெதுவாகப் பத்தடி நடத்தல். இவை எல்லாம் இருபது நிமிடத்தில் அடங்கும். முதியவர்கள் சுவரையோ தூணையோ ஒட்டி நின்று செய்வது நலம்.

சில எச்சரிக்கைகளும் கூறியாக வேண்டும். இப்பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று. இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மாத்திரை உட்கொள்பவர்கள், "இனி மூச்சுப் பயிற்சி போதும்" என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு மூச்சுப் பயிற்சியில் பரிகாரம் தேடாமல் சளிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். இருதய நோய் உடையவர்களும், இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும், கர்ப்பிணிகளும் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்துவதையும், கபாலபாதி போல மூச்சை விரைந்து வெளியேற்றுவதையும் தவிர்க்க வேண்டும். தலை சுற்றினால் உடனே அமர்ந்துவிட வேண்டும். எந்த நோயையும் தீர்த்துவிடும் என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவர்களிடம் அங்கத்தினர்கள் ஏமாறலாகாது.

இனி, மிக முக்கியமான ஆட்சேபத்துக்கு வருவோம். நெய்த அளவுக்குத்தான் கூலி. நேரம் போனால் கூலி போகும். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. நாளொன்றுக்கு இருபது நிமிடம் வீதம் மாதத்தில் 24 நாள் கூட்டினால் எட்டு மணி நேரம் ஆகிறது. அதாவது ஒரு நாள் வேலை. மாதம் ஒரு நாள் கூலியை உடலில் முதலீடு செய்யும்படி நாம் கேட்கிறோம். முதுகுப் பிடிப்பினாலும் முழங்கால் வீக்கத்தினாலும் தறி நின்று போகிற நாள்களை ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணக்கில் எண்ணிப் பார்த்து, இந்த முதலீடு தகுமா என்று தாமே முடிவு செய்யட்டும்.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மூச்சுப் பயிற்சியைக் காட்டி நியாயமான கூலியை மறப்பதற்கு நாம் உடன்பட மாட்டோம். தறிக் கொட்டகையில் வெளிச்சம் இல்லாமல், காற்று வராமல், அமரும் பலகை சரியான உயரத்தில் இல்லாமல் இருக்கும்போது, நெசவாளியைப் பார்த்து "ஆழ்ந்து மூச்சு விடு" என்று உபதேசிப்பது பரிகாசமாகும். பாவை அளவுக்கு மீறி இறுக்கினால் இழை அறும் என்பதை அறியாத நெசவாளி இல்லை; அறுந்த இழையைக் குறை கூறுவதில் பயன் என்ன? இறுக்கத்தைத் தளர்த்துவது உழைப்பவர் பொறுப்பு மட்டுமன்று. சங்கத்தின் பொறுப்பும் ஆகும்.

சங்கம் என்ன செய்யலாம்? 1995-ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு இணையம் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளுள் கல்வியும் பயிற்சியும் ஒன்று. சமுதாயத்தின்பால் அக்கறை என்பது மற்றொன்று. இவை ஏட்டில் மட்டும் இருத்தல் போதாது. சங்கக் கட்டடத்தையோ களத்தையோ, தறி ஓடாத நாளில் வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என அங்கத்தினருள் இருவரைத் தேர்ந்தெடுத்து, நன்கு கற்றுவரச் செய்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பிக்கலாம். பூப்பறிக்கும் பெண்களுக்குக் காலை நேரம் ஒத்துவராது. அவர்களுக்கு மாலையில் தனி வேளை அமைக்க வேண்டும். இதற்கெனப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஒரு பாயும் ஒரு நிழலும் போதும்.

பயன் உண்டா என்பதையும் வாய்ப்பேச்சில் விட்டுவிட வேண்டா. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்களைக் கொண்டோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பயிற்சிக்கு வருவோர் ஒவ்வொருவரின் இரத்த அழுத்தத்தையும் முதல் நாளன்றே அளந்து, அவரவர் கையில் உள்ள சீட்டில் குறித்துக்கொள்ளட்டும். ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது, வலியால் வேலை நின்ற நாள் மாதத்துக்கு எத்தனை என்பவற்றையும் எழுதி வைக்கட்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளப்போம். ஆண்டுதோறும் சங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்கிறோம். கையிருப்பில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விளக்கம் கேட்கிறோம். அந்த வரவையெல்லாம் ஈட்டித் தருகிற உடலுக்கு இதுவரை தணிக்கை செய்யவில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.